நெடுங்கால் உள்ளானுக்கு எந்த வெள்ளை

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். காப்பி ஆறிப்போனால் வரும். வரிசையில் யாராவது குறுக்கே நுழைந்தால் வரும். பொம்பளை வண்டி ஓட்டினால் இப்படித்தான் என்று சிக்னலில் எவனாவது முணுமுணுத்தால், வண்டியை ஓரங்கட்டி, என்ன சொன்னீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வேன். ஆனால் என் வேலையில் குறை சொன்னால் மட்டும் வராது. இந்த நிதானத்தைத் தியானம் பண்ணி அடையவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்து அடைந்தேன்.

வெளிநாட்டில் துணி வாங்குகிற பையருக்கும், இங்கே தைத்துக் கொடுக்கிற கம்பெனிக்கும் நடுவே நிற்பவர்தான் மெர்ச்சண்டைசர். ஒரு டி-ஷர்ட் ஆர்டர் வேண்டுமென்றால் முதலில் சேம்பிள் தைத்து அனுப்ப வேண்டும். பையரிடமிருந்து கமெண்ட்ஸ் வரும். கழுத்து அகலம், கை குட்டை, தையல் சுருங்குகிறது என்று பட்டியல் போட்டிருப்பார்கள். திருத்தி அனுப்பினால் மறுபடியும் கமெண்ட்ஸ் வரும். கடைசியில் ஒரு நாள் "அப்ரூவ்டு" என்று ஒற்றை வார்த்தையில் மெயில் வரும். கமெண்ட்ஸ் வந்ததற்காக எங்கள் ஊரில் யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதில்லை. கமெண்ட்ஸ் வந்தால் ஆர்டர் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். பதிலே வராமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும்.

கம்பெனியில் நிறம் என் பொறுப்பு. பையர் ஒரு நிறத்தைக் கேட்டால், சாயப்பட்டறைக்காரர்கள் உள்ளங்கை அகலத் துணியில் அந்தச் சாயத்தை ஏற்றி, அட்டையில் ஸ்டேப்ளர் அடித்துக் கொண்டுவருவார்கள். லேப் டிப் என்று அதற்குப் பெயர். அதை லைட் பாக்ஸுக்குள் வைத்துப் பார்க்க வேண்டும். லைட் பாக்ஸ் என்பது முன்பக்கம் திறந்த சாம்பல் நிறப் பெட்டி. மேலே பலவகை விளக்குகள் இருக்கும். ஒரு சுவிட்சுக்குப் பகல் வெளிச்சம், ஒன்றுக்குக் கடை வெளிச்சம், ஒன்றுக்கு வீட்டு மஞ்சள் பல்பு, கடைசி சுவிட்சுக்குப் புற ஊதா. வேறு வேறு சாயக் கலவையில் செய்த இரண்டு துணிகள் பகல் வெளிச்சத்தில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மஞ்சள் பல்பைப் போட்டதும் சொத்துத் தகராறு வந்த மாதிரி பிரிந்துவிடும். ஒரே சாயம் என்றால் எந்த விளக்கிலும் பிரியாது. அந்தப் பெட்டியின் முன்னால் நின்றே என் இருபதுகள் கழிந்தன. நிறத்தில் என் கண்ணை யாரும் ஏமாற்ற முடியாது என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அந்த நினைப்பில் பெரிய மாற்றமில்லை.

கேமரா என் கைக்கு வந்ததும் கம்பெனி வழியாகத்தான். துணியில் விழுந்த கறையையும் கிழிசலையும் படமெடுத்து மெயிலில் அனுப்புவதற்காக ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா வாங்கியிருந்தார்கள். ஊர் ஓரத்து மண்ணரையில் எங்களுக்குத் தைத்துக் கொடுத்த ஒரு யூனிட்டுக்கு அதை எடுத்துக்கொண்டு போன ஒரு காலையில், குளத்துக் கரையோரம் வண்டியை நிறுத்தினேன். தண்ணீரில் வெள்ளையும் கறுப்புமாக ஒல்லிப் பறவைகள் நின்றிருந்தன. நூல்கண்டிலிருந்து உருவிய மாதிரி நீள நீளமாக இளஞ்சிவப்புக் கால்கள். படம் எடுத்தேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் பறவை கடுகளவு இருந்தது, மீதியெல்லாம் தண்ணீர். ஆனாலும் அன்று முழுக்க அந்தக் கடுகையே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு நெடுங்கால் உள்ளான் என்று பெயர் என்பதை இணையத்தில் ஒரு குழுமம் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பறவைப் படம் எடுப்பவர்கள் சேர்ந்து நடத்திய குழுமம் அது. படத்தைப் போட்டால் மற்றவர்கள் குறை நிறை எழுதுவார்கள். பெரும்பாலும் குறை. வருடத்துக்கு ஒருமுறை நல்ல படங்களைத் தேர்ந்தெடுத்து ஒரு புத்தகமாக அச்சடிப்பார்கள். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் பறவையின் பெயரும் ஊரின் பெயரும் இருக்கும். தேர்ந்தெடுக்கிற பொறுப்பு சென்னையில் இருந்த ஒரு பல் டாக்டரம்மாவிடம் இருந்தது. அவர் எழுதும் கமெண்ட்ஸ், மரத்துப்போகும் ஊசி போடாமல் பல்லைப் பிடுங்குவது போல இருக்கும்.

என் கடுகுப் படத்துக்கு அவர், பறவை எங்கே என்று மட்டும் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் அதற்குக் கீழே இன்னொருவர், திருப்பூரில் பறவைகூட இருக்கிறதா, கொடியில் காயும் பனியன்மேல்தான் உட்காருமா என்று எழுதி, ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தார். அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. படத்தைச் சொல், வாங்கிக்கொள்கிறேன். ஊரை எதற்கு இழுக்கிறாய்? அந்தப் புத்தகத்தில் ஒரு படம், அதற்குக் கீழே திருப்பூர் என்ற பெயர். இது வந்தே தீர வேண்டும் என்று அந்த நாற்காலியிலேயே முடிவு செய்தேன். வேறு எதற்கும் அவ்வளவு ஆசைப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் ஆர்டர் பிடிக்கிற வேலைதான். படம் போடுவேன், கமெண்ட்ஸ் வரும், திருத்திப் போடுவேன். குறை சொன்னால் மற்றவர்கள் பத்தி பத்தியாக வாதாடுவார்கள். இன்னும் சிலர் ரோஷப்பட்டுக் குழுமத்தை விட்டே விலகிப் போனார்கள். நான் மட்டும், "குறித்துக்கொண்டேன். திருத்தி மறுபடி அனுப்புகிறேன்" என்று பையருக்கு எழுதும் அதே வரியை எழுதினேன். முதலில் டாக்டரம்மா அதைக் கிண்டல் என்று நினைத்துக்கொண்டாராம். பின்னால் அவரே சொன்னார்.

பறவை சிறிதாக இருக்கிறது என்ற கமெண்ட்டுக்குத் திருத்தம் வேறு கேமராதான். கல்யாணப் படம் எடுக்கிற ஒருவர் புதிது வாங்கியதால் தன் பழைய கேமராவைத் தள்ளிவிட ஆள் தேடிக்கொண்டிருந்தார். தீபாவளி போனஸ் அதற்குப் போனது; தூரத்துப் பறவையைக் கிட்டக் கொண்டுவரும் நீள லென்ஸுக்கு அடுத்த தீபாவளி போனது. படம் ஆடியிருக்கிறது என்றார்கள். கேமராவை நிறுத்தும் முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டியில் போக முடியாது. கட்டிங் டேபிளுக்குக் கீழே விழுகிற துண்டுத்துணிகளை ஒரு கால்சட்டைக் காலுக்குள் அடைத்து இரண்டு பக்கமும் தைத்தேன். கரையில் படுத்துக்கொண்டு அந்த மூட்டையின்மேல் லென்ஸை வைத்தால் மலை அசைந்தாலும் படம் அசையாது. பறவை பயந்து ஓடுகிறது என்றார்கள். அளவு தவறிப்போய் எக்ஸ்போர்ட் ஆகாமல் கிடந்த பாசி நிற டி-ஷர்ட்டுகளில் ஒன்றைப் போட்டுக்கொண்டு போனேன். திருப்பூர்க்காரிக்கு எந்தக் கமெண்ட்டும் தீர்க்க முடியாதது இல்லை.

படத்தைத் திருத்தும் வேலைக்கு டிசைன் ரூம் அண்ணாச்சி இருந்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்து செட்டிலானவர். டி-ஷர்ட்டில் அச்சடிக்கும் படங்களைக் கம்ப்யூட்டரில் வரைவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேராக ஆபீசுக்கு வந்து எனக்காக ஒரு மணி நேரம் உட்காருவார். அவருக்குப் பறவையில் துளிகூட ஆர்வமில்லை. திருத்துவதில் ஆர்வம். ஆரம்பத்தில் படத்தைக் கூர்மையாக்குகிறேன் என்று பறவையைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும்வரை கூட்டிவிட்டார். உள்ளானுக்கு ஓரம் முழுக்க ஓவர்லாக் தையல் அடித்த மாதிரி இருந்தது. டாக்டரம்மா எழுதினார்: பறவையைக் கத்திரித்து ஒட்டினீர்களா?

"கூர்மையா வேணும்னு நீங்கதான சொன்னீங்க மேடம்," என்றார் அண்ணாச்சி. "நான் என்னத்தக் கண்டேன்? எங்க ஊர்ல கொக்கு உப்பளத்துல அழுக்காக் கெடக்கும். அதப் போயி எவன் படம் எடுப்பான்?"

கோட்டைப் போக்கினோம். அடுத்த தகராறு வெள்ளையில் வந்தது. இது நானே இழுத்துவிட்டுக்கொண்டது. திருப்பூரில் வேலை பார்க்காத யாருக்கும் இப்படி ஒரு தப்புப் பண்ணத் தோன்றியிருக்காது.

என் படங்களில் கொக்கும் உள்ளானும் எனக்கு மஞ்சளாகத் தெரிந்தன. பழுப்பேறிய பனியன் மாதிரி. அப்படி ஒரு வெள்ளையைக் கம்பெனியில் நான் பாஸ் பண்ணவே மாட்டேன். அண்ணாச்சியிடம் சொல்லி மஞ்சளை எடுத்து நீலத்தை ஏற்றினேன். பறவைகள் பளீரென்று மின்னின. எனக்கு அவ்வளவு திருப்தி. குழுமத்தில் போட்ட உடனே ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். இது டியூப் லைட் விழுங்கிய கொக்கா? சோப்பு விளம்பரமா? டாக்டரம்மா ஒரு வரியில், வெள்ளை என்பது நீலம் இல்லை என்று எழுதினார்.

இந்தக் கமெண்ட்டை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. வெள்ளையைப் பற்றி எனக்கே பாடமா? கரையில் கிடந்த ஒரு கொக்கு இறகை எடுத்துவந்து, கம்பெனியின் ஃபுல் ஒயிட் துணிக்குப் பக்கத்தில் லைட் பாக்ஸுக்குள் வைத்தேன். பகல் வெளிச்சத்தில் துணி நீலம் கலந்து ஜொலித்தது. இறகு பால் நிறத்தில் சும்மா இருந்தது. சுவிட்சுகளைத் தட்டிக்கொண்டே போய்ப் புற ஊதாவைப் போட்டேன். துணி பேய் மாதிரி நீலமாக எரிந்தது. இறகு கிட்டத்தட்ட இருட்டுக்குள் போய்விட்டது.

துணியில் எரிந்தது நாங்கள் போடும் ஒயிட்னர். பனியன் வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கடைசியில் ஏற்றும் மருந்து. பல வருடமாக அந்த மருந்தைத்தான் வெள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். கொக்குக்கு யாரும் ஒயிட்னர் போடவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் இறகைப் பார்த்தார், தன் ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். சட்டையும் எரிந்துகொண்டிருந்தது.

"அப்ப கொக்குதான் ஒரிஜினல்னு சொல்லுதியளா?" என்றார்.

"ஆமாங்க அண்ணாச்சி. நாமதான் டூப்ளிகேட்."

அன்றிலிருந்து என் கேமராவுக்கு வெள்ளை எது என்று நானே சொல்லிக்கொடுத்தேன். லைட் பாக்ஸின் உள்பக்கத்துக்கு அடிக்கும் சாம்பல் பெயின்ட் எந்த நிறத்தின் பக்கமும் சாயாதது. மிச்சமிருந்த பெயின்ட்டை ஓர் அட்டையில் அடித்துக் காயவைத்து, குளத்துக்குப் போகும்போதெல்லாம் கொண்டுபோனேன். முதலில் அட்டையை ஒரு படம், பிறகு பறவையை. ஆபீசில் வந்து அட்டை சாம்பலாகத் தெரியும்வரை திருத்தினால் மற்ற நிறமெல்லாம் தானாகத் தன் இடத்துக்கு வந்துவிடும். டாக்டரம்மாவின் கமெண்ட்ஸ் சுருங்கிக்கொண்டே போய், ஒரு நாள் "நிறம் சரி" என்று வந்தது. கம்பெனியில் எனக்கு வந்த எந்த அப்ரூவலும் அவ்வளவு இனித்ததில்லை.

அந்த நிறத்தில்தான் அடுத்த மோதல் வந்தது.

குளிர்காலக் காலை. கரையில் படுத்திருந்தேன். ஒற்றை நெடுங்கால் உள்ளான் என்னைப் பொருட்படுத்தாமல் நடந்து கிட்டே வந்து நின்றது. ஒரு காலைத் தூக்கியது. தூக்கிய கால்விரலிலிருந்து ஒரு சொட்டு விழப்போகிற நேரத்தில் எடுத்தேன். படம் எடுக்கும்போதே தெரிந்துவிட்டது, இதுதான் அந்தப் படம் என்று. கண் கூர்மை, இறகின் ஒவ்வொரு வரியும் தனி, சொட்டுக்குள் கரைகூடத் தலைகீழாகத் தெரிந்தது. தண்ணீர் ஊதாவாக இருந்தது. பறவையின் முதுகுப் பக்கக் கழுத்து வெள்ளை. வயிற்றில் மட்டும் தண்ணீரின் ஊதா ஏறியிருந்தது.

சாயப்பட்டறைகள் விடும் நிறத்தண்ணீர் திருப்பூர்க்காரர்களுக்கு அதிசயமில்லை. இந்த வாரம் பட்டறைகளில் எந்த நிறம் ஓடுகிறது என்று குளத்துக்குப் போகும் வாய்க்காலைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று கிண்டலடித்துக்கொண்டேதான் பாலத்தைத் தாண்டுவோம். நானும் அப்படித்தான் தாண்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கும் தண்ணீரின் நிறத்தைப் பற்றி யோசிக்கவில்லை. பறவையைப் பற்றித்தான் யோசித்தேன்.

டாக்டரம்மாவிடமிருந்து அதுவரை வராத பாராட்டு வந்தது. இத்தனை நாளில் நீங்கள் எடுத்ததிலேயே சிறந்தது என்று எழுதியிருந்தார். அடுத்த வரி: ஆனால் படம் முழுக்க ஊதா படிந்திருக்கிறது, கேமராவுக்குச் சொன்ன வெள்ளை, அதாவது ஒயிட் பேலன்ஸ், தவறு, வயிற்றை வெள்ளையாக்கித் தண்ணீரைச் சரிசெய்து அனுப்பினால் புத்தகத்தில் சேர்க்கிறேன்.

நான் சாம்பல் அட்டையின் படத்தை அனுப்பினேன். கரைப் புல் பச்சையாகத்தான் இருக்கிறது, இறக்கை கறுப்பாகத்தான் இருக்கிறது, தண்ணீரும் வயிறும் மட்டும்தான் ஊதா என்று எழுதினேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கமெண்ட்டுக்கு எதிர்வாதம் செய்தேன். அவர் அசையவில்லை. இப்படி ஒரு தண்ணீர் கிடையாது என்று பதில் வந்தது. புத்தகம் சீக்கிரம் அச்சுக்குப் போகிறது என்றும் சொல்லியிருந்தார்.

அண்ணாச்சிக்கு அது ஒரு வேலையே இல்லை. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே தண்ணீரைப் பிரித்தெடுத்து நீலமாக்கி, வயிற்றை வெளுத்துவிட்டார். பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, அழகாக இருந்தது. ஏதோ மலைமேல் இருக்கும் ஏரி மாதிரி. அதை அனுப்பினால் அப்ரூவ்டு. அடியில் திருப்பூர் என்று போட்டுவிடுவார்கள். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதானே? அனுப்பு என்று வாய்வரை வந்தது.

ஆனால் நான் தப்பான ஷேடைச் சரி என்று பாஸ் பண்ணியதே இல்லை. சரியான ஷேடைத் தப்பு என்று ஒருத்தர் சொல்லும்போது சும்மா இருந்ததும் இல்லை. எங்கள் தொழிலில் நிறத்தை யாரும் வாயால் நிரூபிப்பதில்லை. துணியைக் கொடு, பார்க்கிறேன் என்பார்கள். சரி, துணியையே கொடுத்துவிடுவோம்.

மறுநாள் காலை, ஒயிட்னர் போடாத வெறும் துணியில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு குளத்துக்குப் போனேன். உள்ளான் நின்றிருந்த அதே இடத்தில் தண்ணீருக்குள் அமுக்கி நன்றாக ஊறவிட்டேன். நாற்றம் மூக்கைப் பிடித்தது. படம் எடுக்கும்போது இந்த நாற்றம் எனக்குத் தெரியவே இல்லையே என்று ஆச்சரியமாக இருந்தது. கொண்டுவந்து சேம்பிள் ரூம் ஜன்னலில் காயப்போட்டேன். மதியம் எடுத்து, பாதியாக வெட்டி, ஒரு பாதியை லேப் டிப் அட்டையில் ஸ்டேப்ளர் அடித்தேன். இன்னொரு பாதியை எப்போதும் போல எங்கள் பக்கத்துக்கு வைத்துக்கொண்டேன். அட்டையில் கம்பெனி, துணி, கலர் என்று நிரப்புவதற்கு இடம் விட்டிருக்கும். கம்பெனி என்ற இடத்தில் குளம் என்று எழுதினேன். துணி, காட்டன். கலர் என்ற இடத்தில் என் கை "மல்பெரி" என்று எழுதிவிட்டது.

எழுதிய பிறகுதான் என்ன எழுதினேன் என்று பார்த்தேன்.

மல்பெரி என்கிற அந்த ஊதா அந்த சீசனில் எங்கள் கம்பெனியில் ஓடிக்கொண்டிருந்த ஆர்டரின் நிறம். அந்த நிறத்துக்காக நான் சாயப்பட்டறைக்காரர்களை ஆட்டிவைத்திருந்தேன். சிவப்பு கூடிவிட்டது, குறையுங்கள். நீலம் தூக்குகிறது, இறக்குங்கள். இன்னும் ஒரு நூல் கருஞ்சிவப்பு வேண்டும். அட்டை மேல் அட்டையாகத் திருப்பி அனுப்பி, கடைசியில் பையர் ஒப்புக்கொண்ட நிறம். எங்கள் துணியில் கெட்டியாக இருந்தது, குளத்துத் துண்டில் டெப்த்து குறைந்து வெளிறி இருந்தது. ஆனால் சாடை அதே சாடை. பெற்ற பிள்ளையைக் கூட்டத்தில் பார்த்தால் தெரியாதா? லைட் பாக்ஸ் பக்கத்திலேயே இருந்தது. அதில் வைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

அண்ணாச்சி அட்டையை வாங்கிப் பார்த்தார். அவரும் அந்த மல்பெரியில்தான் வாரக்கணக்கில் டிசைன் போட்டிருந்தார். அவருக்கும் புரிந்தது.

"நீலத்தையே அனுப்பிருங்க மேடம்," என்றார். "இதே கலர வேற எவனாவது ஓட்டிருக்கலாம்லா? நம்மதுதான்னு எப்படிச் சொல்லுதிய?"

"மல்பெரி எத்தன பேரு வேணும்னாலும் ஓட்டியிருக்கலாமுங்க அண்ணாச்சி. இந்த மல்பெரிய நாந்தானுங்க கேட்டு வாங்குனேன்."

அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். திருத்திய நீலப் படத்தை அழிக்கவா என்று கேட்டார். அழிக்கச் சொன்னேன். என் கோபமெல்லாம் அன்றைக்கு எங்கே போனதென்று தெரியவில்லை. யார் மேல் கோபப்படுவது? துக்கமாக இருந்தது. சோறு இறங்கவில்லை. ஆனால் சாயங்காலத்துக்குள் அட்டையையும், எந்தத் திருத்தமும் இல்லாத படத்தின் ஒரு பிரின்ட்டையும் கூரியரில் போட்டுவிட்டேன். கூடவே, இது குளத்தில் முக்கி எடுத்த துணி, உங்கள் பார்வைக்கு என்று ஒரு வரி.

டாக்டரம்மா எனக்கு போன் செய்தது அதுதான் முதல் தடவை. எழுத்தில் இருந்த கடுமை குரலில் இல்லை.

"கார்டு வந்துதும்மா. ஜன்னல்கிட்ட வச்சுப் பார்த்தேன், கிளினிக் லைட்டுலயும் பார்த்தேன். நான்தான் தப்பா சொல்லிட்டேன். படத்தை அப்படியே போடறேன்."

"சரிங்க," என்றேன். சந்தோஷம் வர வேண்டிய இடம். வரவில்லை.

"இந்தத் தண்ணிலயா அது மேயுது?"

"ஆமாங்க."

"என்ன கிடைக்கும் அதுல?"

"தெரியலீங்க. ஆனாத் தெனமும் வருதுங்க."

புத்தகம் வந்த அன்று ஆபீஸ் முழுக்கக் கூடிவிட்டது. நடுப்பக்கத்தில் என் உள்ளான், ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, சொட்டோடு. கீழே நெடுங்கால் உள்ளான், திருப்பூர். பெயரை விரலால் தடவிப் பார்த்தேன். தையல் பிரிவிலிருந்து வந்தவர்கள் கால் எவ்வளவு நீளம் என்று வியந்தார்கள். தண்ணீரைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுக்குத் தண்ணீர் அப்படித்தான் இருக்கும்.

சத்தம் கேட்டு முதலாளி வெளியே வந்தார். சின்ன வயதில் சாயப்பட்டறையில் கை வைத்து வேலை கற்று, பின்னால் சொந்தக் கம்பெனி வைத்தவர். நல்ல மனிதர். என் கேமரா மோகத்தைப் பற்றி, "அம்மணி கொக்கையும் எக்ஸ்போர்ட் பண்ணப் போறாங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். புத்தகத்தை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"நம்மூர்ப் பேரு போட்டிருக்கறாங்களே," என்றார். முகமெல்லாம் சிரிப்பு. பிறகு புத்தகத்தைச் சற்றுத் தள்ளிப் பிடித்தார். "ஏனுங்க அம்மணி, எல்லாம் நல்லாருக்குது. தண்ணிதான் ஊதாவா வந்துபோச்சு. அண்ணாச்சிகிட்டச் சொல்லி நீலமா மாத்தியிருக்கலாமுங்களே. ஷேடு தப்பாயிருச்சே."

அண்ணாச்சி தன் ரூமுக்குள் போய்விட்டார்.

"தப்பில்லீங்க," என்றேன். "அது அப்ரூவ் ஆன ஷேடுங்க."

அவருக்குப் புரியவில்லை. என் மேஜை டிராயரிலிருந்து பையர் ஒப்புக்கொண்ட மல்பெரி அட்டையையும், நான் வைத்துக்கொண்டிருந்த குளத்துத் துண்டின் பாதியையும் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். இது நம்முடையது, இது அந்தத் தண்ணீரில் முக்கி எடுத்தது என்று மட்டும் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் திருப்பிச் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது.

அவர் திட்டவில்லை. நேராக லைட் பாக்ஸுக்குப் போனார். இரண்டு துண்டுகளையும் ஓரத்தோடு ஓரம் சேர்த்து உள்ளே வைத்தார். பகல் வெளிச்சத்தைப் போட்டார். குனிந்து பார்த்தார். கடை வெளிச்சத்தைப் போட்டார். துண்டுகளை இடம் மாற்றி வைத்துப் பார்த்தார். அந்த நிறம் எங்கேயாவது ஓரிடத்தில் பிரிந்துவிட வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டது எனக்குத் தெரிந்தது. நானும்தான் வேண்டிக்கொண்டிருந்தேன். கடைசியாக மஞ்சள் பல்பு. அதன் கீழே ரொம்ப நேரம் நின்றார்.

"டெப்த்துதான் கொறவு," என்றார், கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே. "மத்தபடி மேட்ச் ஆகுதுங்க அம்மணி."

விளக்கை அணைத்துவிட்டுப் புத்தகத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.